பசிச்ச பிறகு சாப்பாடு

எங்க அப்பத்தா அடுப்பு மூட்டும்போது சொல்லும்: "தீ பிடிக்கிறதுக்கு முன்னாடி விறகை அள்ளிப் போட்டா புகைதான்டா வரும். வயிறும் அப்படித்தான்." அதுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா சொன்னது ரொம்பப் பழைய சேதி.

செரிக்கிற சக்தியை ஆயுர்வேதத்துல 'அக்னி'ன்னே சொல்றாங்க. 7-ஆம் நூற்றாண்டு வாக்குல வாக்படர் எழுதின அஷ்டாங்க ஹிருதயம் வயித்தை நாலு பங்காப் பிரிக்குது. ரெண்டு பங்கு சோறு, ஒரு பங்கு தண்ணி, மிச்ச ஒரு பங்கு காலியா இருக்கணும். நம்ம திருக்குறள்ல 95-ஆம் அதிகாரத்துக்குப் பேரே 'மருந்து'. அந்தப் பத்துக் குறள்ல ஆறு, சாப்பிடுற முறையைப் பத்தித்தான். வயித்துத் தீயோட அளவுக்குத் தின்னணும்னு அங்கேயும் வருது. ஒரு மூலிகைப் பேர்கூட இல்லை!

நான் கேட்டேனா? நேரங்கெட்ட நேரத்துல டீ, போண்டா. தண்ணி பாய்ச்சிட்டு வந்து ராத்திரி பத்து மணிக்குச் சோறு. ரெண்டு வருசம் நெஞ்செரிச்சல் மாத்திரையோட கிடந்தேன். இப்போ பொழுது சாயவே சாப்பிட்டுடுறேன். காலையில பசிச்சாத்தான் கம்மங்கூழ்.

லீவுக்கு வர்ற பேரனுக்கு மருமக செல்போனைக் காட்டிக் காட்டி ஊட்டுது. "விடு தாயி, அடுப்பு எரியட்டும், அப்புறம் போடலாம்"னேன். அன்னிக்கு மத்தியானம் அவனே தட்டை எடுத்துட்டு வந்தான்.