மறைநூல் பயின்ற சேர்வைக்காரர்

நம் கோட்டக்குப்பத்திற்குத் தெற்கே, இதே கடற்கரையில் உள்ளது தரங்கம்பாடி. சீகன்பால்கு தமிழாக்கிய நற்செய்தி நூல்கள் 1714-இல் அங்கே அச்சேறின. பின்னர் அவற்றின் பிரதியொன்று, தஞ்சை மன்னர் படையில் சேர்வைக்காரராயிருந்த இராஜநாயக்கன் கைக்கு வந்தது. அவர் பறையர் குலத்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தினர், எழுத்தறிந்தவர். எழுத்து நம்மவர்க்குப் பிறர் பிற்காலத்தில் இட்ட பிச்சை என்பார்க்கு இதனையே நாம் விடையாகக் கூறுவோம்.

நூலைத் தாமே பயின்று தெளிந்தார். தாம் தெளிந்த வரலாற்றை உடனிருந்த வீரர்க்கும் உரைத்தார். படைத்தொழில் துறந்து தரங்கம்பாடி மிஷனின் உபதேசியாரானார்.

1741-இல் குருப்பட்டத்திற்கு அவர் பெயரும் ஆராயப்பட்டது. பறையர் கையால் திருவிருந்து பெற மேற்சாதிக் கிறிஸ்தவர் இசையார் என்றெண்ணிய மிஷனரிமார், தியோகு என்பவருக்கே பட்டமளித்தனர். இராஜநாயக்கனோ 1771-இல் மறையும்வரை உபதேசியாராகவே இருந்தார்.