ஒரே காலேஜ், நாலு பல்கலைக்கழகம்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன் மக்கா. கோயிலுக்குப் போய்ட்டு, நாழிக்கிணத்துல குளிச்சிட்டு, வீட்டுக்கு வந்தா சித்தப்பா மகன் வாசல்ல நிக்கான். பி.டெக். ஐ.டி. முடிச்சிருக்கான். "அண்ணே, எம்.டெக். சேரலாமா?"ன்னு ஒரே கேள்விதான். ஆமாம், இல்லைன்னு ஒரு வார்த்தையில முடிக்க முடியலை. அதனால கொசுவத்தியைக் கொஞ்சம் சுத்த விடுறேன். பொறுத்துக்கோங்க.

நம்ம ஊருல காலேஜ்னு ஒன்னு வந்ததே 1965-லதான், ஆதித்தனார் கலைக் கல்லூரி. காயாமொழியில பொறந்த சி.பா.ஆதித்தனார் பேருல வந்தது. அதுக்கு முன்னாடி டிகிரி வேணும்னா பாளையங்கோட்டைக்கோ தூத்துக்குடிக்கோ ஓடணும். இஞ்சினியரிங்னா இன்னும் தூரம். மதுரை தியாகராசர் காலேஜ் 1957-ல வந்தது. கோவை, கிண்டி பக்கமும் இருந்தது. கிண்டிக் காலேஜ் 1794-ல சர்வே பள்ளிக்கூடமா ஆரம்பிச்சதாம். நிலம் அளக்க ஆள் வேணும்னு வெள்ளைக்காரன் தொடங்கினது!

கம்ப்யூட்டர் கதை அதுக்கும் ரொம்பப் பின்னாடி. 1963-ல ஐ.ஐ.டி. கான்பூருக்கு ஐ.பி.எம். 1620 வந்தப்பதான் நம்ம நாட்டுல கம்ப்யூட்டர் ஒரு பாடமா சூடு பிடிச்சது. சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல ஐ.பி.எம். 370 வந்தது. நம்ம தாமிரவருணிக் கரையில அப்போ கம்ப்யூட்டர்னா பேப்பர்ல படிக்கிற சமாச்சாரம்.

திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி 1981-ல வந்தது. மூணு வருஷம் கழிச்சு கோவில்பட்டியில நேஷனல் காலேஜ். 1984-ல எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்து விட்டதுதான் பெரிய திருப்பம். திருச்செந்தூர்லயே 1995-ல டாக்டர் சிவந்தி ஆதித்தனார் பொறியியல் கல்லூரி வந்துட்டு. கடல்காத்து வாங்கிக்கிட்டே இஞ்சினியர் ஆகலாம்னா சும்மாவா?

இப்ப மெயின் மேட்டருக்கு வாரேன். நெல்லை அரசு பொறியியல் கல்லூரியையே எடுத்துக்கோங்க. ஆரம்பத்துல மதுரை காமராசர் பல்கலைக்கழகம். 1990-ல மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் பொறந்ததும் அதுக்கு மாறுச்சு. 2001-ல தமிழ்நாட்டு இஞ்சினியரிங் காலேஜையெல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கீழ கொண்டு வந்தாங்க. 2007-ல அண்ணா பல்கலைக்கழகம் திருநெல்வேலின்னு தனியாப் பிரிச்சாங்க. 2012-ல திரும்ப சென்னையோடயே சேத்துட்டாங்க. கட்டடம் அதே கட்டடம், கேன்டீன் அதே கேன்டீன். சர்டிபிகேட் தலைப்பு மட்டும் மாறிக்கிட்டே இருந்தது.

இதுல மாட்டினவன்ல நானும் ஒருத்தன். 2008 கடைசியில உலகமே பொருளாதார மந்தத்துல படுத்துச்சுல்லா, அப்ப எனக்குக் கையில ஆஃபர் லெட்டர் இருந்தது. சேர வேண்டிய தேதியை மட்டும் தள்ளிக்கிட்டே போனாங்க. வீட்டுல சும்மா உக்காந்தா தெருவுல கேக்கிற கேள்வி தாங்க முடியலை. 2009-ல எம்.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்துட்டேன். இன்னொரு விஷயம் தெரியுமா? அண்ணா பல்கலைக்கழகத்துல கம்ப்யூட்டர் சயின்ஸ்னா எம்.இ., ஐ.டி.ன்னா எம்.டெக். பாடத்துல பாதி ஒன்னுதான், பட்டத்தோட பேரு மட்டும் வேற.

தினமும் பஸ். குரும்பூர், ஆழ்வார்திருநகரி, கருங்குளம், செய்துங்கநல்லூர்னு வயக்காட்டையும் வாழைத்தோட்டத்தையும் பாத்துக்கிட்டே அல்காரிதம் படிச்சேன் (படிச்சேன்னு சொல்லிக்கிடலாம்).

நான் படிச்சிக்கிட்டு இருக்கும்போதே, 2010-ல ஏ.ஐ.சி.டி.இ. ஒரு விதி கொண்டு வந்தது. இஞ்சினியரிங் காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா எம்.இ. கட்டாயம்னு. அதுவரைக்கும் பி.இ. முதல் வகுப்பு இருந்தா லெக்சரர் ஆயிரலாம். அவ்வளவுதான், வாத்தியார் வேலையில இருந்த அக்கா, அண்ணன்மாரெல்லாம் எங்களோட பெஞ்சுக்கு வந்துட்டாங்க. காலையில பாடம் நடத்தி, சாயங்காலம் பாடம் கேட்டு, ராத்திரி பிள்ளைக்குச் சோறூட்டின அக்காவையெல்லாம் பாத்திருக்கேன். வேலை போயிரும்ங்கிற பயத்துல படிச்ச படிப்பு அது.

எனக்குக் கிடைச்ச சர்டிபிகேட்ல இருக்கிற பல்கலைக்கழகம் இப்ப இல்லை. பெங்களூர்ல ஒரு இன்டர்வியூல "இது எந்த அண்ணா பல்கலைக்கழகம்?"னு கேட்டாங்க. இந்த வரலாறு பூராவையும் அங்க சொல்ல முடியுமா? அசடு வழிஞ்சேன்.

தம்பிகிட்ட இதையெல்லாம் சொல்லிட்டு, கடைசியா மூணு விஷயம் சொன்னேன். வாத்தியார் ஆகணும்னா தாராளமா சேரு, இது இல்லாம முடியாது. நெசமாவே ஆழமாப் படிக்கணும்னா கேட் எழுது. ஸ்கோரோட சேர்ந்தா மாசம் 12,400 ரூபாய் உதவித்தொகை வருது, சித்தப்பாவைக் கடன் வாங்க விடாதே. கேட் இல்லாம இங்கயே சேரணும்னா, எங்க காலத்து டான்செட் இப்ப எம்.இ.க்கு இல்லை, 2023-ல இருந்து சீட்டா பரீட்சை. வேலை கிடைக்கலைங்கிறதுக்காக மட்டும் சேராதே. நான் அப்படித்தான் சேர்ந்தேன்.

"அப்ப உங்களுக்கு அது வேஸ்டாண்ணே?"ன்னு கேட்டான்.

கொஞ்ச நேரம் யோசிச்சேன். கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்காக ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு மாசம் திரும்பத் திரும்பப் படிச்சேன். ஒருநாள் கருங்குளம் தாண்டும்போது சட்டுன்னு புரிஞ்சது. பரீட்சைக்காக இல்லாம நான் புரிஞ்சிக்கிட்ட முதல் விஷயம் அதுதான். வேஸ்டுன்னு சொல்ல வாய் வரலை.

திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்த சித்தப்பா கடைசியா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு.

"எல்லாஞ் சரிதாம்ல. இவன் படிச்சு முடிக்கையில, சர்டிபிகேட்ல எந்தப் பேரு இருக்கும்?"