திண்டுக்கல்லிலிருந்து லண்டன் எத்தனை நாள்?

அந்தக் காலத்தில் தூரத்தை மைலில் சொல்பவர்கள் குறைவு. பழனி எவ்வளவு தூரம் என்றால் "நடந்தால் ரெண்டு நாள்" என்பார்கள். லண்டனையும் அப்படியே அளந்து பார்ப்போம்.

சென்னைக்கும் லண்டனுக்கும் ஆகாய மார்க்கமாகச் சுமார் 8,200 கிலோமீட்டர். இது என்றும் மாறாத கணக்கு. மாறியது நாள் கணக்குதான்.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல் கும்பினியார் கைக்கு வந்தது. அன்று பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் போக ஐந்தாறு மாதம் பிடிக்கும். கப்பலில் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருடம்!

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு ழூல் வெர்ன் பழக்கமானவர். எண்பது நாளில் உலகைச் சுற்றும் அவர் கதையில் லண்டனிலிருந்து சூயஸுக்கு 7 நாள், அங்கிருந்து பம்பாய்க்கு 13 நாள், ஆக 20 நாள் என்று கணக்கு வருகிறது. பம்பாயையும் சென்னையையும் ரயில் பாதை இணைத்தது 1871-ல். திருச்சியிலிருந்து நம் ஊர் வழியாக மதுரைக்கு ரயில் வந்தது 1875-ல். அதன்பின் லண்டன் கடிதம் ஒரு மாதத்துக்குள் திண்டுக்கல்லில் கிடைத்தது.

1929-ல் இம்பீரியல் ஏர்வேஸ் லண்டன்–கராச்சி விமானத் தபாலைத் தொடங்கியது. நடுவில் ஐரோப்பாவில் ரயிலேறி, மொத்தம் ஏழு நாள். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபாலைத் தாமே ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். 1948 ஜூன் 8 அன்று ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயில் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா வழியாக 10-ம் தேதி லண்டன் சேர்ந்தது. 1960-ல் ஜெட் விமானம் வந்ததும் நாள் கணக்கு போய் மணிக் கணக்கு ஆயிற்று.

இன்று சென்னையிலிருந்து நேர் விமானத்தில் லண்டன் பத்துப் பதினோரு மணி நேரம். திரும்பி வரும்போது நேரம் சற்றுக் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று பின்னாலிருந்து தள்ளிவிடுவதே காரணம்.

ஆனால் நமக்கு இந்தக் கணக்கு போதாது. திண்டுக்கல்லில் விமான நிலையம் கிடையாது. மதுரைக்கோ திருச்சிக்கோ போக வேண்டும், இல்லையேல் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். காத்திருப்பதையும் சேர்த்தால் வீட்டு வாசலிலிருந்து வாசலுக்கு முழுசாக ஒரு நாள் ஆகிவிடும்.

அந்த ஒரு நாளின் அருமை நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நம் தெருக்களில் பல வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். கப்பல் காலத்தில் பெற்றவர் காலமான சேதி கிடைக்கும்போது காரியமே முடிந்திருக்கும். இன்று உடலைக் குளிர்பெட்டியில் வைத்து, மகன் வரட்டும் என்று ஊரே காத்திருக்கிறது. அவனும் வந்து கொள்ளி வைக்கிறான். விமானம் நமக்குக் கொடுத்த பெரிய உபகாரம் இதுதான் என்பேன். உயிரோடு இருக்கும்போதே ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவதற்கும் அதே பதினோரு மணி நேரம்தான் ஆகும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.