விளையும் சூழலும் கோதுமையின் தரமும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இரத்தசோகை, குடல் நோய்கள் ஆகியவற்றுக்காகச் சிகிச்சை பெறுவோர் அடிக்கடி எழுப்பும் கேள்விகளில் ஒன்று, எந்தக் கோதுமையை உண்ணலாம் என்பது. சம்பா கோதுமை நல்லதா, நியாயவிலைக் கடைக் கோதுமை தரக்குறைவானதா, மத்தியப் பிரதேசக் கோதுமையில் சத்து அதிகமா எனப் பலவிதமாக இக்கேள்வி கேட்கப்படுகிறது. கோதுமையின் தரம் அதன் இரகத்தைப் பொறுத்தது. அதே அளவுக்கு அது விளைந்த மண், நீர், வெப்பம், அறுவடைக் கால வானிலை ஆகியவற்றையும் பொறுத்தது. எந்த வேறுபாடு உடல்நலத்தைப் பாதிக்கும், எது பாதிக்காது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

கோதுமை மணியில் என்ன உள்ளது?

கோதுமை மணிக்கு மூன்று பகுதிகள் உண்டு. வெளியில் இருப்பது தவிடு. நார்ச்சத்து, இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றின் பெரும்பகுதி தவிட்டிலும் அதை ஒட்டிய அடுக்கிலும் உள்ளது. நடுவில் இருப்பது மாவுப் பகுதி. மாவுச்சத்தும், பசையம் எனப்படும் குளூட்டன் புரதமும் இங்கு உள்ளன. மூன்றாவதாகிய முளையில் கொழுப்பும் சில வைட்டமின்களும் உள்ளன. மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்படுகின்றன. முழுக்கோதுமை மாவில் மூன்றும் இருக்கும்.

கோதுமையில் புரதம் பொதுவாக 8 முதல் 15 சதவீதம் வரை இருக்கும். ஒரே இரகத்தை இரண்டு ஊர்களில் விதைத்தாலும் இந்த அளவு மாறுபடும். அதற்குக் காரணம் சூழலே.

வெப்பம் செய்யும் மாற்றம்

வட இந்தியாவில் கோதுமை பெரும்பாலும் நவம்பர் மாதத்தில் விதைக்கப்பட்டு ஏப்ரலில் அறுவடை செய்யப்படுகிறது. மணி பால் பிடித்து முற்றும் பருவம் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். அப்போது வெப்பம் மிதமாக இருந்தால் மணிக்குள் மாவுச்சத்து மெல்ல நிரம்பி மணி பருக்கும். வெப்பம் திடீரென உயர்ந்தால் பயிர் விரைந்து முற்றிவிடும். மணி நிரம்பும் நாட்கள் குறையும். மாவுச்சத்து சேர்வதே வெப்பத்தால் மிகுதியாகத் தடைபடும். புரதம் சேர்வது அந்த அளவுக்குத் தடைபடுவதில்லை. ஆகவே மணி சுருங்கிச் சிறுத்தாலும் அதன் புரதச் சதவீதம் சற்று உயர்ந்து காணப்படும்.

2022 மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் மணிகள் சுருங்கின. அரசுக் கொள்முதலில் சுருங்கிய, உடைந்த மணிகளுக்கு அனுமதிக்கப்படும் அளவு அந்த ஆண்டு 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்தப்பட்டது. அத்தகைய மணியைக் கண்ட மக்கள் பலர் அது கெட்டுப்போனது எனக் கருதக்கூடும். வெப்பத்தால் சுருங்கிய மணி நஞ்சன்று. அதில் மாவு குறைவு, தவிட்டின் பங்கு சற்று அதிகம், அவ்வளவே. பூஞ்சை பிடித்த மணியே ஆபத்தானது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிவது அவசியம்.

வெப்பம் பசையத்தின் தன்மையையும் மாற்றும். பசையத்தில் கிளையடின், குளூட்டனின் என இருவகைப் புரதங்கள் உள்ளன. கடும் வெப்பத்தில் முற்றிய மணியில் இவற்றின் விகிதம் மாறுவதால் பிசைந்த மாவு தளர்ந்து, சப்பாத்தி இழுக்கும்போது பிய்ந்து போகலாம். இது சமையல் தரத்தைச் சார்ந்த குறை. உடலுக்குத் தீங்கு செய்வதன்று.

மண்ணும் நீரும் உரமும்

மத்திய இந்தியாவின் கரிசல் மண்ணில் குறைந்த பாசனத்தில் விளையும் கோதுமை, கடினமாகவும் பளபளப்பாகவும் இருக்கும். மத்தியப் பிரதேசத்தின் சர்பதி கோதுமைக்கு 2023-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நீர் மிகுதியாகப் பாய்ச்சி அதிக விளைச்சல் எடுக்கும் நிலங்களில் மாவுச்சத்து கூடுவதால் புரதச் சதவீதம் சற்றுக் குறையலாம். தழைச்சத்து உரம் போதிய அளவில் கிடைத்தால் புரதம் உயரும். மண்ணில் தழைச்சத்து குறைந்தால் புரதமும் குறையும்.

துத்தநாகத்தைப் பொறுத்தவரை மண்ணின் பங்கு மிகப் பெரியது. இந்திய விளைநிலங்களில் துத்தநாகக் குறைபாடு பரவலாக உள்ளது. அத்தகைய நிலத்தில் விளையும் மணியிலும் துத்தநாகம் குறைவாகவே இருக்கும். இதை ஈடுசெய்யப் பயிரின் மீது துத்தநாகக் கரைசல் தெளிப்பது ஒரு வழி. துத்தநாகம் மிகுந்த இரகங்களை உருவாக்குவது மற்றொரு வழி. கர்னாலில் உள்ள இந்தியக் கோதுமை மற்றும் வாற்கோதுமை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டபிள்யூ.பி. 02 என்ற இரகத்தில் கிலோவுக்குச் சுமார் 42 மி.கி. துத்தநாகம் உள்ளது. வழக்கமான இரகங்களில் இது சுமார் 32 மி.கி. ஆகும். நாளொன்றுக்கு 150 கிராம் மாவு உண்பவருக்கு இதனால் கூடுதலாகக் கிடைப்பது 1.5 மி.கி. துத்தநாகம். இது பயனுள்ள கூடுதல்; ஆனால் மருந்துக்கு மாற்று ஆகாது.

செலினியம்: குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு

உணவின் தரத்தை மண் எவ்வளவு தூரம் தீர்மானிக்கும் என்பதற்குச் செலினியம் தெளிவான சான்று. உடலுக்கு இது நாளொன்றுக்குச் சில பத்து மைக்ரோகிராம் அளவே தேவை. பின்லாந்து நாட்டின் மண்ணில் செலினியம் மிகக் குறைவு. ஆகவே அந்நாட்டு அரசு 1980-களின் நடுப்பகுதியில் உரங்களுடன் செலினியம் சேர்க்கச் சட்டப்படி ஏற்பாடு செய்தது. அதன் பின்னர் தானியங்களிலும் மக்களின் இரத்தத்திலும் செலினியம் உயர்ந்தது.

பஞ்சாபின் நவான்சகர், ஹோசியார்பூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. சிவாலிக் மலைகளிலிருந்து வந்த வண்டலால் அங்குள்ள மண்ணில் செலினியம் மிகுந்துள்ளது. அந்நிலத்தில் விளைந்த தானியத்தையே தொடர்ந்து உண்ட மக்களிடம் முடி உதிர்தல், நகம் உடைந்து கழலுதல் போன்ற பாதிப்புகளும், கால்நடைகளிடம் குளம்பு பாதிப்பும் பதிவாகியுள்ளன. ஒரே வயலின் விளைச்சலை ஆண்டு முழுவதும் உண்பவருக்கே இந்த ஆபத்து அதிகம். பலவகைத் தானியங்களை மாற்றி உண்பது இதற்குச் சிறந்த பாதுகாப்பு. மருத்துவர் கூறாமல் செலினிய மாத்திரைகளை வாங்கி உண்ணக் கூடாது.

காற்றில் உயரும் கரியமில வாயு

கரியமில வாயு மிகுந்தால் பயிர் செழிப்பாக வளரலாம். ஆனால் மணியின் சத்து அதே அளவில் உயர்வதில்லை. இந்த நூற்றாண்டின் நடுவில் எதிர்பார்க்கப்படும் கரியமில வாயு அளவில் திறந்த வயல்களில் நடத்தப்பட்ட சோதனைகளின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. அச்சூழலில் விளைந்த கோதுமையில் துத்தநாகம் சுமார் 9 சதவீதமும், இரும்பு சுமார் 5 சதவீதமும், புரதம் சுமார் 6 சதவீதமும் குறைந்திருந்தன. தனி ஒருவருக்கு இது சிறிய மாற்றம். தானியத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழைக் குடும்பங்களின் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இது பெரிய இழப்பாகும்.

அறுவடைக் கால மழை: உண்மையான ஆபத்து

முற்றிய கதிர் மழையில் நனைந்தால் மணி கதிரிலேயே முளைவிடத் தொடங்கும். அப்போது மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகுவதால் மாவு பிசுபிசுப்பாகும். இதைவிடக் கவலைக்குரியது பூஞ்சை. பியூசேரியம் போன்ற பூஞ்சைகள் ஈரக் கதிரில் வளர்ந்து நஞ்சுகளைச் சுரக்கும். இந்த நஞ்சுகளுள் பல, வழக்கமான சமையல் வெப்பத்தில் முழுமையாக அழிவதில்லை.

1987-இல் காசுமீர் பள்ளத்தாக்கில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த கோதுமையால் செய்த ரொட்டியை உண்ட மக்களுக்கு வயிற்றுவலி, தொண்டை எரிச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு ஆகியவை ஏற்பட்டன. பூஞ்சை நஞ்சே அதற்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. கோதுமையில் டியாக்சிநிவாலினால் என்ற பூஞ்சை நஞ்சுக்கு, கிலோவுக்கு 1 மி.கி. என்ற உச்ச வரம்பை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்துள்ளது.

பயிரைத் தாக்கும் துரு நோய் இதிலிருந்து வேறானது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் துரு நோய் எதிர்ப்புக் கோதுமை இரகங்களுக்கான பணியை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. துரு நோய் இலையையும் தண்டையும் தாக்கி விளைச்சலைக் குறைத்து மணியைச் சுருங்கச் செய்யும். அது மனிதரைத் தொற்றாது.

எந்த நோயாளிக்கு எது முக்கியம்?

சீலியாக் நோய்: எந்த மண்ணில், எந்த வானிலையில் விளைந்தாலும் கோதுமையில் பசையம் இருக்கும். சம்பா கோதுமையில் பசையம் இல்லை என்ற கருத்து தவறு. சம்பா கோதுமை, அதன் ரவை, இயற்கை வேளாண்மையில் விளைந்த கோதுமை, பழமையான இரகங்கள் அனைத்தும் இந்நோயாளிகளுக்கு விலக்கப்பட்டவை. இதை நம்பிக் குழந்தைக்குச் சம்பா ரவைக் கஞ்சி கொடுத்தால் குடல் மீண்டும் சேதமடையும், வளர்ச்சி தடைபடும். கோதுமை அரைக்கும் அதே மாவு மில்லில் அரைத்த கேழ்வரகு மாவிலும் அரிசி மாவிலும் பசையம் கலந்துவிடும். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கலாம். பொட்டலத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பசையமற்றது எனக் குறிக்க, கிலோவுக்கு 20 மி.கி.க்கு மேல் பசையம் இருக்கக் கூடாது.

சர்க்கரை நோய்: விளைந்த ஊரை விட, அரைத்த விதமும் உண்ணும் அளவுமே இரத்தச் சர்க்கரையைத் தீர்மானிக்கின்றன. விலை உயர்ந்த கோதுமை என்பதற்காக இரண்டு சப்பாத்தி கூடுதலாக உண்டால் சர்க்கரை உயரவே செய்யும். தவிடு நீக்காத மாவு, உடன் காய்கறியும் பருப்பும், அளவான எண்ணிக்கை ஆகியவையே பயன் தரும்.

நாட்பட்ட சிறுநீரக நோய்: புரதக் கட்டுப்பாடு அறிவுறுத்தப்பட்டவருக்குக் கோதுமையின் புரத வேறுபாடு பொருட்படுத்தத்தக்கது. நாளொன்றுக்கு ஐந்து சப்பாத்திக்கு ஏறத்தாழ 150 கிராம் மாவு தேவை. 9 சதவீதப் புரதமுள்ள மாவில் 13.5 கிராமும், 13 சதவீதப் புரதமுள்ள மாவில் 19.5 கிராமும் புரதம் கிடைக்கும். வேறுபாடு 6 கிராம். புரதம் மிகுந்தது என விளம்பரப்படுத்தப்படும் மாவுக்கு மாறும் முன் உணவியல் நிபுணரைக் கேட்கவும். முழுக்கோதுமையில் பொட்டாசியமும் பாஸ்பரசும் மைதாவை விட அதிகம் என்பதையும் நினைவில் கொள்ளவும்.

இரத்தசோகை: கோதுமையில் உள்ள இரும்பை, தவிட்டிலுள்ள பைட்டிக் அமிலம் உடலில் சேரவிடாமல் தடுக்கும். மாவைப் புளிக்கவைத்தல், தானியத்தை முளைகட்டுதல், உணவுடன் எலுமிச்சை அல்லது நெல்லிக்காய் சேர்த்தல், உணவு நேரத்தில் தேநீர், காபி தவிர்த்தல் ஆகியவை உதவும். செறிவூட்டப்பட்ட மாவில் இரும்பு, போலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்க்கப்பட்டிருக்கும். எனினும் மருத்துவர் எழுதிய இரும்பு மாத்திரையை நிறுத்தக் கூடாது. தலசீமியா நோயாளிகள் செறிவூட்டப்பட்ட மாவை மருத்துவரின் ஆலோசனையின்றிப் பயன்படுத்தக் கூடாது.

வாங்கும்போதும் சேமிக்கும்போதும்

- மணியை உள்ளங்கையில் எடுத்துப் பார்க்கவும். கருமை, பச்சை அல்லது இளஞ்சிவப்புப் பூச்சு, முளைவிட்ட மணிகள், பூசண வாடை ஆகியவை இருந்தால் உண்ண வேண்டாம். கழுவிக் காயவைத்தாலும் நஞ்சு நீங்காது.
- நியாயவிலைக் கடையில் பூஞ்சை பிடித்த கோதுமை கிடைத்தால் கடையிலேயே திருப்பிக் கொடுத்து மாற்றிப் பெறவும். மறுத்தால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் புகார் அளிக்கவும்.
- சற்றுச் சுருங்கிய மணிகள் மட்டும் இருந்தால் அஞ்சத் தேவையில்லை. சுத்தம் செய்து அரைத்துப் பயன்படுத்தலாம்.
- நன்கு வெயிலில் உலர்த்தி, ஆறவைத்து, காற்றுப் புகாத கலனில் வைக்கவும். கலனைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம்.
- முழுக்கோதுமை மாவு விரைவில் சிக்குவாடை அடிக்கும். சில வாரங்களுக்குத் தேவையானதை மட்டும் அரைக்கவும்.
- பூஞ்சை பிடித்த கோதுமையைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

கோதுமை உணவு உண்ட சில மணி நேரத்துக்குள் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டோருக்கு வாந்தி, வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உடனே அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லவும். மீதமுள்ள மாவையும் தானியத்தையும் எறிந்துவிடாமல் தனியே மூடி எடுத்து வரவும். பரிசோதனைக்கு அது உதவும்.

கோதுமை உண்ணும் குழந்தைக்கு நீடித்த வயிற்றுப்போக்கு, வயிற்று உப்புசம், எடை கூடாமை, மருந்துக்குக் குறையாத இரத்தசோகை ஆகியவை இருந்தால் சீலியாக் நோய்க்கான பரிசோதனை தேவைப்படலாம். பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக அமையக்கூடும். ஆகவே முதலில் மருத்துவரைப் பார்த்து, அதன் பின்னரே உணவை மாற்றவும்.

காரணமின்றி முடி கொத்தாக உதிர்ந்து நகங்களும் உடையத் தொடங்கினால், தாங்கள் தொடர்ந்து உண்ணும் தானியம் எங்கிருந்து வருகிறது என்பதையும், உட்கொள்ளும் சத்து மாத்திரைகளின் பெயர்களையும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.