பழைய அணையும் பழைய நிரலும்

காமயகவுண்டன்பட்டி வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வருகிறது. 1979-க்குப் பின், அணையை இடிக்காமலே அதன் தலையில் கான்கிரீட் போர்த்தி, எஃகு வடங்களை இறக்கி அடிப்பாறையோடு பிணைத்து, பின்புறம் கான்கிரீட் தாங்குசுவர் எழுப்பினார்கள்.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய அணைகள் உண்டு. இணையத்தளம் ஒன்றை நீங்கள் திறக்கும்போது, உங்கள் வேண்டுகோளை வாங்கி, தகவலைத் தேடி எடுத்து, பக்கமாக அமைத்துத் தர ஒரு நிரல் வேண்டும். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான இந்த வேலைகளை முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதே வலைச் சட்டகம்.

2005-இல் அமெரிக்க இளைஞர் ஆரோன் ஸ்வார்ட்ஸ், பைத்தான் மொழியில் 'வெப்.பை' என்னும் சட்டகத்தை எழுதினார். யாரும் எடுத்தாளலாம் என்று அதைப் பொதுவுடைமை ஆக்கினார். ஒவ்வொரு நூலுக்கும் ஒரு பக்கம் என்ற நோக்கமுடைய 'ஓப்பன் லைப்ரரி' அதன் மேல் எழுந்தது. 2013-இல் ஆரோன் தமது 26-ஆம் வயதில் மறைந்தார். ஆயினும் சட்டகம் அநாதையாகவில்லை. இந்தியப் பொறியாளர் ஆனந்த் சித்திபோத்து ஏற்கெனவே அதைப் பேணி வந்தார்.

அடுத்து வந்த சோதனை அடித்தளத்திலேயே இருந்தது. பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கு ஆதரவு 2020 சனவரி 1-உடன் முடியும் என அறிவிக்கப்பட்டது. அதன்பின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பார் இல்லை. மூன்றாம் தலைமுறைக்கு மாறுவதோ எளிதல்ல. யூ.டி.எஃப்-8 முறையில் எழுதிய 'அ' என்ற எழுத்தை எண்ணச் சொன்னால், பழைய பைத்தான் மூன்று பைட்டுகளைக் கண்டு 3 என்னும். புதியது ஓர் எழுத்தைக் கண்டு 1 என்னும். எழுத்தைக் கையாளும் இடமெல்லாம் நிரலைத் திருத்தியாக வேண்டும்!

இதற்கு என்ன செய்தார்கள்? 2019-இல் வந்த 0.40 பதிப்பு இரு தலைமுறைகளிலும் இயங்கியது. பழைய கரையில் ஒரு காலும் புதிய கரையில் ஒரு காலும் வைத்துக் கடக்க அது பாலமாயிற்று. பயனர்கள் தம் தளங்களைப் படிப்படியாக மாற்ற வழி கிடைத்தது. பின்வந்த பதிப்புகள் பழையதைக் கைவிட்டன.

பொதுச்சொத்து என்பதால் மட்டும் ஒன்று நிலைத்துவிடாது. முதுமை வருமுன்பே அடுத்த பொறுப்பாளர் யார், பழைய பயனர் கடந்துவரப் பாலம் எது என்ற இரு கேள்விகளுக்கும் விடை வேண்டும். நிரல் எழுதப் பழகும் மாணவர்களே, புதிதாய் ஒன்று கட்டுவது போலவே பழையதைப் பேணுவதும் பொறியியல்தான்.