மருதாணித் தலைமுடிச் சாயம்

மருதாணித் தலைமுடிச் சாயம் என்பது மருதாணிச் செடியின் (லாசோனியா இனெர்மிஸ்) உலர்ந்த இலைப் பொடியை நீரில் குழைத்துப் பூசி, முடிக்குச் செம்மஞ்சள் முதல் செம்பழுப்பு வரையிலான நிறம் தரும் சாயம் ஆகும். இது இந்தியாவிலும் மேற்கு ஆசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ராஜஸ்தானில் உள்ள சோஜத் நகரம் மருதாணிக்குப் பெயர் பெற்றது. சோஜத் மருதாணி 2021 இல் புவிசார் குறியீடு பெற்றது.

நிறமேற்றும் விதம்

இலையில் உள்ள லாசோன் (2-ஹைட்ராக்சி-1,4-நாப்தோகுயினோன்) என்ற சேர்மமே நிறத்துக்குக் காரணம். எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான அமிலம் கலந்து குழைத்துச் சில மணி நேரம் வைத்தால் லாசோன் வெளிப்படும். இது முடியின் கெரட்டின் புரதத்துடன் பிணைகிறது. மருதாணி முடியின் இயல்பான நிறத்தை நீக்குவதில்லை. அதன்மேல் செந்நிறத்தைச் சேர்க்கிறது. ஆகவே கருமுடியில் மெல்லிய செம்மையும் நரைமுடியில் பளிச்சென்ற செம்மஞ்சளும் தோன்றும். கழுவிய பின் ஓரிரு நாட்களில் நிறம் சற்று அடர்த்தியாகும்.

பழுதடைந்த முடியில்

ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு முடியை வெளுக்கும்போது, மெலனின் சிதைவதுடன் கெரட்டினின் கந்தகப் பிணைப்புகள் சிலவும் உடைகின்றன. மேற்புறச் செதில்கள் விரிந்து, முடி எளிதில் உறிஞ்சும் தன்மை அடைகிறது. இத்தகைய முடி மருதாணியை விரைவாகவும் சீரின்றியும் ஏற்கும். பெரும்பாலும் வேர்ப்பகுதியை விட நுனி அடர்ந்த நிறம் பெறும்.

மருதாணி பழுதடைந்த முடியைக் குணப்படுத்தும் என்ற கருத்து பரவலாக உள்ளது. பூசியபின் முடி தடிப்பாகவும் மினுமினுப்பாகவும் தோன்றினாலும், உடைந்த பிணைப்புகள் மீண்டும் இணைவதில்லை. பிளந்த நுனிகளை வெட்டுவதே வழி. முழு நீளத்துக்கும் அடிக்கடி பூசினால் முடி வறண்டு போகலாம் என்பதால், பின்னர் புதிதாக வளர்ந்த பகுதிக்கு மட்டும் பூசுவது நல்லது. லாசோனை முடியிலிருந்து முழுமையாக நீக்குவது கடினம்.

கலப்புப் பொருட்கள்

மருதாணி என்ற பெயரில் விற்கப்படும் சில பொடிகளில் ஈயம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் உப்புகள் கலக்கப்படுவதுண்டு. இவற்றைப் பூசிய முடியைப் பின்னர் வெளுத்தால், குறிப்பாகச் செம்பு உப்புகள் பெராக்சைடுடன் வினைபுரிந்து வெப்பம் உண்டாகும், முடி அறுந்துவிடும்.

"கருப்பு மருதாணி" எனப்படும் கலவைகளில் பாரா-பெனிலீன்டையமீன் இருக்கக்கூடும். இது கடுமையான ஒவ்வாமையை உண்டாக்க வல்லது. தூய மருதாணி கருநிறம் தராது. மருதாணிக்குப் பின் அவுரி இலைப் பொடியைப் பூசுவதே கருமை பெறும் மரபு முறையாகும்.

சோதனை

சீப்பில் சேர்ந்த முடியில் முதலில் சாயமிட்டு, இரண்டு நாள் கழித்து நிறம் பார்க்கப்படுகிறது. உலோக உப்பு உள்ளதா என அறிய, அம்முடியை 6% ஹைட்ரஜன் பெராக்சைடில் சில துளி அம்மோனியா சேர்த்து 30 நிமிடம் ஊறவைப்பர். கரைசல் சூடேறினாலோ முடி இற்றுப்போனாலோ அப்பொடியைத் தவிர்க்க வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தூய மருதாணியும் இரத்தச் சிவப்பணுச் சிதைவை உண்டாக்கலாம்.

இவற்றையும் பார்க்க

மருதாணி
அவுரி
கெரட்டின்