மாஞ்சோலைக் கூலியும் ரொக்கமில்லாப் பொருளாதாரமும்

மாஞ்சோலை, திருநெல்வேலி மாவட்டம் அம்பாசமுத்திரம் வட்டாரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டப் பகுதி. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடி வழியாக மலைப்பாதையில் ஏறினால் முதலில் மாஞ்சோலை வரும். அதற்கு மேல் காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தோட்டங்கள் தொடரும். சுற்றிலும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்.

இந்தியா ரொக்கமில்லாப் பொருளாதாரமாக மாறும் அளவுக்கு மின்னணுப் பணப்பரிமாற்றம் பாதுகாப்பானதா என்ற கேள்வி 2016க்குப் பிறகு கல்லூரிப் பட்டிமன்றங்கள் வரை வந்துவிட்டது. பெரும்பாலும் நகரத்திலிருந்து பார்த்தே அதற்கு விடை சொல்கிறார்கள். கூலி கைக்கு வந்து சேர்வதே பெரும்பாடாக இருந்த மலைத்தோட்டத்திலிருந்து பார்த்தால் கேள்வியே சற்று மாறிவிடுகிறது. உழைத்தவருக்கும் அவர் பணத்துக்கும் நடுவில் நிற்பவர் யார்? இடையில் பணம் காணாமல் போனால் அந்த நட்டம் யார் தலையில் விழுகிறது? தோட்டக் கூலியின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே வந்திருக்கிறது.

கடனில் பிறந்த தோட்டம்

மாஞ்சோலைக் காடு சிங்கம்பட்டி ஜமீனுக்கு உரியதாக இருந்தது. 1919இல் சென்னை நியூயிங்டன் பள்ளி முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில் ஜமீனின் வாரிசும் சிக்கினார். வழக்குச் செலவு ஜமீனைக் கடனில் தள்ளியது என்பது அந்த வட்டாரத்தில் இன்றும் பேசப்படும் செய்தி. 1929இல் 8,373 ஏக்கர் காடு பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. பின்னர் ஜமீன்தாரி ஒழிப்பில் ஜமீன் போயிற்று, குத்தகை நீடித்தது.

கூலி வந்த வழி

தென்னிந்திய மலைத்தோட்டங்களுக்கும் இலங்கைத் தோட்டங்களுக்கும் ஆள் சேர்த்தவர் கங்காணி. ஊரில் முன்பணம் கொடுத்துக் குடும்பங்களை மலைக்கு அழைத்துப் போவார். வேலை வாங்குவதும் அவரே, கணக்கு வைத்திருப்பதும் அவரே. தன் ஆட்களின் உழைப்பில் அவருக்குத் தரகும் உண்டு. முன்பணம், வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று ஒவ்வொன்றும் தொழிலாளியின் பெயரில் பற்று எழுதப்படும். கணக்கு முடிக்கும் நாளில் கைக்கு என்ன வரும் என்பது எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு மட்டுமே தெரியும்.

இலங்கையில் இது இன்னும் ஒரு படி மேலே போனது. ஒரு கங்காணியும் அவரது ஆட்களும் தோட்டம் மாற வேண்டுமானால், அவர்கள் தர வேண்டிய கடன் தொகையை எழுதிய ஒரு சீட்டைத் தோட்டத்துரை கொடுப்பார். அந்தத் தொகையைக் கட்டும் இன்னொரு தோட்டம் அவர்களை எடுத்துக்கொள்ளும். அந்தச் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஒரு ரூபாயும் தொழிலாளியின் கண்ணில் படாமல் அவருடைய கடன் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஒரு வகையில் அதுவும் ரொக்கமில்லாப் பொருளாதாரமே.

அஸ்ஸாம், கச்சார் தேயிலைத் தோட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் தங்களுக்கென்று உலோக வில்லைகளையே அச்சடித்துக் கூலியாகக் கொடுத்தன. சில்லறைத் தட்டுப்பாடு ஒரு காரணம். ஆனால் தோட்டத்து வில்லை தோட்டத்தைச் சுற்றித்தான் செல்லும். அதை முடிந்துகொண்டு ஊருக்கு ஓடிப்போக முடியாது.

இந்தப் பின்னணியில்தான் 1936ஆம் ஆண்டின் கூலி வழங்கல் சட்டத்தைப் படிக்க வேண்டும். கூலிக்காலம் ஒரு மாதத்தைத் தாண்டக் கூடாது. கூலியைச் செலாவணியில் உள்ள நாணயமாகவோ நோட்டாகவோ மட்டுமே தர வேண்டும். சட்டம் சொன்ன பிடித்தங்களைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கூடாது. இன்று படிக்கும் மாணவருக்கு 'நாணயமாகவோ நோட்டாகவோ' என்ற சொற்கள் பழைய காலத்து அலுவலக மொழியாகத் தோன்றலாம். அன்று அது உரிமை. எண்ணிப் பார்க்கக் கூடிய, எந்தக் கடையிலும் செல்லக் கூடிய, யாருடைய தயவும் இல்லாமல் எடுத்துக்கொண்டு நடக்கக் கூடிய பணம் என்பதுதான் அதன் பொருள்.

ரொக்கம் இல்லாமல் பணம் அனுப்புவது நமக்குப் புதிதல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் கடல் கடந்து செல்லுபடியானது. 1880இல் தொடங்கிய அஞ்சலக மணியார்டர் நூறாண்டுக்கு மேல் கிராமத்துத் தாய்மார்களைக் காப்பாற்றியது. மணியார்டரில் ஒரு சிறப்பு உண்டு. தபால்காரர் முகம் தெரிந்தவர். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொள்வார். அந்தச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். பணம் சேர்ந்ததற்கான சான்று அனுப்பியவர் கையில் இருந்தது. நடுவில் தொலைந்தால் கேட்பதற்கு ஓர் அஞ்சலகமும் இருந்தது.

ஆற்றங்கரையில்

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும், சிறையிலிருந்த 652 தோட்டத் தொழிலாளர்களை விடுவிக்கக் கேட்டும் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றது. கொக்கிரகுளத்தில் காவல்துறை தடியடி நடத்த, தாமிரபரணிக்குள் இறங்கி ஓடியவர்கள் உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். நீதிபதி மோகன் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த நாளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டுரைக்கு வேண்டியது ஒன்றுதான்: கூலி பற்றிய ஒரு முறையீட்டைச் சொல்ல அந்த மக்கள் மலையிலிருந்து மாவட்டத் தலைநகர் வரை வர வேண்டியிருந்தது.

2016

அந்த ஆண்டு ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. அக்டோபரில் ஏடிஎம் இயந்திரங்களை இயக்கும் ஒரு சேவை நிறுவனத்தின் அமைப்புக்குள் தீநிரல் புகுந்து, சுமார் 32 லட்சம் டெபிட் அட்டைகளின் விவரங்கள் கசிந்திருக்கலாம் என்ற செய்தி வந்தது. வங்கிகள் அவசரமாக அட்டைகளை முடக்கின. அதற்குச் சில வாரங்களுக்குள், நவம்பர் 8 இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு ஒரே இரவில் காகிதமானது.

தேயிலைத் தோட்டங்கள் பணத்தைச் சாக்கில் கொண்டுவந்து கூலி கொடுத்துப் பழகியவை. வங்கியில் எடுக்கும் தொகைக்கு உச்சவரம்பு வந்ததும் நூற்றுக்கணக்கானோருக்கு எப்படிக் கூலி கொடுப்பது? அஸ்ஸாமில் தோட்டங்களின் பணத்தை மாவட்ட நிர்வாகம் வழியாக எடுத்துக் கொடுக்க ரிசர்வ் வங்கி தனி ஏற்பாடு செய்ய வேண்டியதாயிற்று. டிசம்பர் 28 அன்று ஓர் அவசரச் சட்டம் 1936ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தியது. 1976 முதல், தொழிலாளி எழுத்து மூலம் சம்மதித்தால் மட்டுமே காசோலையிலோ வங்கிக் கணக்கிலோ கூலி தரலாம் என்றிருந்தது. இனி அந்தச் சம்மதம் தேவையில்லை. 2017 பிப்ரவரியில் அது நாடாளுமன்றச் சட்டமாகவும் ஆயிற்று.

இந்தத் திருத்தத்தை முழுக்கக் குறை சொல்ல முடியாது. கணக்கில் விழுந்த கூலிக்குச் சாட்சி இருக்கிறது. குறைத்துக் கொடுத்துவிட்டு முழுத் தொகைக்குக் கைநாட்டு வாங்கும் பழைய தந்திரம் அங்கே எடுபடாது. வைப்பு நிதிக் கணக்கும் ஒழுங்காகிறது. ஆனால் நாணயத்தை எண்ணும் உரிமையைக் கொடுத்த பிரிவிலிருந்து தொழிலாளியின் சம்மதம் சத்தமில்லாமல் நீங்கிப்போனதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

எங்கே உறுதி, எங்கே ஓட்டை

யுபிஐயின் கட்டமைப்பு வலுவானதுதான். சிம் அட்டையோடும் கைபேசியோடும் கணக்கு பிணைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரகசிய எண். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் ஆயிரம் கோடிப் பரிமாற்றங்களைத் தாண்டிய ஓர் அமைப்பு, எளிதில் உடைவதாக இருந்திருந்தால் அதுவரை வந்திருக்காது. வங்கிகளின் உள் அமைப்புகளைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து ஏறத்தாழ 20 லட்சம் டாலரை வெளிநாட்டுக் கணக்குகளுக்கு மாற்ற இணையக் கொள்ளையர் முயன்றார்கள். 2023 செப்டம்பரில் தூத்துக்குடியின் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியிலிருந்து சென்னையின் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் கணக்கில் தவறுதலாக 9,000 கோடி ரூபாய் விழுந்தது. அவர் நம்பாமல் 21,000 ரூபாயை நண்பருக்கு அனுப்பிப் பார்த்தாராம், போய்விட்டது! வங்கி விரைவில் மீதியைத் திரும்ப எடுத்துக்கொண்டது. வங்கி தவறினால் அரை மணியில் திருத்தம் நடக்கிறது. வாடிக்கையாளர் தவறினால்?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதற்கு விடை சொல்கிறது. வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் குறை இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு நாட்களுக்குள் என்றால் அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய் வரை அவர் பொறுப்பு. அதற்குப் பிறகு வங்கி வகுத்த கொள்கைப்படி. ஆனால் ரகசிய எண்ணையோ ஓடிபியையோ அவரே பகிர்ந்திருந்தால், புகார் தரும் வரையிலான நட்டம் முழுவதும் அவருடையதே.

நல்ல விதிதான். யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். குறுஞ்செய்தியை உடனே படிக்கிறவர், அதன் ஆங்கிலம் புரிகிறவர், வங்கிக்குப் போன் போட்டால் இணைப்பு கிடைக்கிற இடத்தில் இருப்பவர். மலைத்தோட்டத்தில் மூன்று வேலை நாள் என்பது வேறு கணக்கு. மேலும் இன்றைய மோசடிகளில் பெரும்பகுதி பூட்டை உடைப்பதில்லை; சாவியை நம்மிடமே கேட்டு வாங்குகிறது. பணம் தருவதாகச் சொல்லி, பணம் கேட்கும் வேண்டுகோளை அனுப்பி ரகசிய எண்ணை இட வைப்பது ஒரு வகை. தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபரில்தான் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் நிறுத்தியது, யுபிஐ வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இணையக் குற்றங்களில் 2024இல் மட்டும் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இவற்றில் பலவற்றை விதியின் கண்ணில் பார்த்தால் 'வாடிக்கையாளரின் கவனக்குறைவு'.

மோசடியே இல்லாமலும் பணம் குறையலாம். 2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் 1,000 ரூபாயாக விழத் தொடங்கியது. சில வங்கிகள் குறைந்தபட்ச இருப்பு இல்லை, பழைய கடன் பாக்கி என்று அதில் கை வைத்தன. நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வங்கிகளைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியிருந்தது. கங்காணியின் பற்றுக் கணக்கைப் படித்தவருக்கு இது பழகிய காட்சி. ரொக்கத்தில் பிடித்தம் செய்ய எதிரே ஒரு மனிதர் நிற்க வேண்டும். அவரோடு சண்டையாவது போடலாம்.

வெள்ளம் வந்தபோது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் பெய்த மழை மறக்க முடியாதது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருவைகுண்டத்தில் செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. மின்சாரமும் கைபேசி இணைப்பும் பல ஊர்களில் அற்றுப்போயின. அந்த நாட்களில் பாலோ மெழுகுவத்தியோ வாங்க முடிந்தது கையில் நோட்டு இருந்தவர்களால்தான். கடுமையாகப் பாதிக்கப்பட்ட திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளின் குடும்பங்களுக்கு அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணமும் நியாய விலைக் கடைகளில் ரொக்கமாகவே கொடுக்கப்பட்டது.

மழை இல்லாமலும் இது நடக்கும். 2025 மார்ச் 26, ஏப்ரல் 12 ஆகிய நாட்களில் யுபிஐ நாடு முழுவதும் தடைப்பட்டது. ரொக்கத்தைக் கிட்டத்தட்ட மறந்தே போன சுவீடன், 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில் சில்லறை நோட்டுகளையும் வீட்டில் வைத்திருக்கச் சொன்னது. இந்தியாவில் யுபிஐ பெருகிய அதே ஆண்டுகளில் புழக்கத்திலுள்ள நோட்டுகளின் மதிப்பும் 2016 நவம்பரின் சுமார் 18 லட்சம் கோடியிலிருந்து 2024இல் சுமார் 35 லட்சம் கோடியாக உயர்ந்தது. மக்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். கூடுதல் வழியாக மின்னணுப் பணம் போதுமான அளவு பாதுகாப்பானது, ஒரே வழியாக அல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. நட்டத்தை யார் ஏற்பது என்ற விதி ஏமாற்றப்பட்டவர் பக்கம் சாயாத வரை, ரொக்கத்தை மறுக்கும் உரிமை எந்த அலுவலகத்துக்கும் கடைக்கும் இருக்கக் கூடாது.

மலை இறங்கியபின்

2024 ஜூனில் தோட்ட நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்து வேலையை நிறுத்தியது. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமே தோட்டத்தை ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை 2024 டிசம்பர் 3 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு ஏற்கவில்லை. குத்தகைக் காலம் 2028இல் முடிகிறது.

வைப்பு நிதி போன்ற ஆயுள்காலச் சேமிப்பு இன்று மொத்தமாக வங்கிக் கணக்கில்தான் வந்து விழுகிறது. கூலியைக் கையில் எண்ணிப் பழகிய தலைமுறைக்கு, வாழ்நாளில் பார்த்த மிகப் பெரிய தொகை கண்ணுக்குத் தெரியாத வடிவில் வருகிறது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒரு குரல் அழைப்பதும் அத்தகைய நாட்களில்தான். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன்பே அதை முடக்க முடியும். அதற்குக் கைபேசியில் இணைப்பு கிடைக்க வேண்டும்.